லைப்ரரியில் காணாமல் போன லைப்ரரி

இனிமேல் மச்சான் வீட்டுக்குப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் போவதில்லை. ஒரு வியாழக்கிழமை மாலை, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சர்வர்காரர் எடுத்த முடிவு இது. கண்ணாடியில் இருந்தவரும் தலையாட்டி ஒப்புக்கொண்டார். அந்த வீட்டில் அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரே ஆள் அவர்தான்.

சர்வர்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். பொது நூலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்பது மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் ஓடும் சர்வருக்குத்தான் தெரியும். மனைவியின் அண்ணன் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது, "சர்வரா? அப்போ ரெண்டு காபி கொண்டாங்க மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. காபி இன்னும் ஆறவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அங்கே போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் வேலை வந்துவிடும். "மாப்ளே, டிவி கொஞ்சம் மக்கர் பண்ணுது." பிறகு பிரிண்டர். பிறகு போன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போன். போன தடவை மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், மிக்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் கரண்டுலதானே மாப்ளே ஓடுது?"

ஆகவேதான், "ஏங்க, இந்த சனி ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போறோம்" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்ததும் சர்வர்காரர் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த வாரம் பார்த்தா கூப்பிடணும்? சர்வர்ல பெரிய வேலைம்மா. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாத்தறோம்."

"அப்படின்னா?"

"வீடு அப்படியே நிக்கும். அஸ்திவாரத்தை மட்டும் உருவிட்டு வேற வைக்கணும்."

"ஐயோ பாவம். அப்போ வரவே முடியாதா?"

"மனசு பூரா அங்கதான் இருக்கும்."

"உடம்பு?"

"சர்வர் ரூம்ல."

"சரி, நான் மட்டும் போயிட்டு வரேன்."

இவ்வளவு சுலபமாகவா? அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு இவர் முகம் கொட்டை எழுத்து. கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்ன ஒரு பொய்யும் முழுசாக வாசற்படி தாண்டியதில்லை. சர்வர்காரர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்த மனுஷன் எங்கே சந்தேகப்படுவான்?

அவருக்கு இருந்த பயமெல்லாம் வேறு. நூலகத் தலைவி ரத்த அழுத்த மாத்திரை வாங்குவது மனைவியின் கடையில்தான். பேச்சுவாக்கில் ஒரு கேள்வி போதும், குட்டு உடைந்துவிடும். எனவே பொய்க்கு முட்டுக்கொடுக்க மறுநாள் அவரே தலைவியிடம் போய், இந்த வாரக் கடைசியில் சிஸ்டத்தை மாற்றிவிடப் போவதாகச் சொன்னார்.

"அப்பாடா! எத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன்? ஓடறதை எதுக்குத் தொடணும்னு தட்டிக் கழிச்சீங்களே, இப்பவாவது மனசு வந்துச்சே" என்று தலைவி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகு பின்வாங்க முடியுமா?

சனிக்கிழமை காலை மனைவி பெட்டியோடு பஸ் ஏறினாள். சர்வர்காரர் பூட்டிய நூலகத்துக்குள் புகுந்தார்.

மாற்றம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நடந்து முடிந்தது. புதுத் திரை பளபளவென்று எழுந்து வணக்கம் சொன்னது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருளைத் தட்டினார். அது எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு வரிதான் காட்டியது: 'தேவையான லைப்ரரி கிடைக்கவில்லை.'

ஒரு மென்பொருள் ஓடுவதற்குத் துணையாக நிற்கும் கோப்புக்கும் லைப்ரரி என்றுதான் பெயர். பழைய சிஸ்டத்தில் இருந்தது. புதியதில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்ன சார், முகம் இப்படிப் போச்சு?"

"லைப்ரரியைக் காணோமாம்."

வாட்ச்மேன் சுற்றிலும் இருந்த அலமாரிகளை ஒரு தரம் பார்த்தார். "நான் வாசல்லயேதான் சார் இருந்தேன். யாரும் எடுத்துட்டுப் போகலையே."

சர்வர்காரர் இணையத்தில் தேடி அந்தக் கோப்பைக் கொண்டுவந்து சேர்த்தார். அது தனக்கு இன்னொரு பழைய கோப்பு வேண்டும் என்றது. அதையும் சேர்த்தார். பழசும் நானும் ஒரே கூரையின்கீழ் இருக்க மாட்டோம் என்று புது சிஸ்டம் அதை வெளியே தள்ளியது. புதியதைச் சமாதானப்படுத்தினால் பழையது படுத்துக்கொண்டது. பழையதைத் தூக்கி நிறுத்தினால் புதியது முறைத்துக்கொண்டது. மென்பொருளைச் செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டார். அந்த எண்ணில் இப்போது ஒரு பூக்கடை இருந்தது.

பேசாமல் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடலாம் என்றால், அதை நகல் எடுத்து வைக்கவில்லை. புத்தக விவரங்களை மட்டும் எடுத்திருந்தார். பொய்க்காகச் செய்கிற வேலையில் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

மத்தியானம் மனைவிக்குப் போன் செய்தார்.

"கேளு, சர்வர் நிஜமாவே படுத்துடுச்சு."

"அதான் வியாழக்கிழமையே சொன்னீங்களே."

"அது வேற. இது நிஜம்."

"அப்போ அது?"

"அதுவும் நிஜம்தான். இது ரொம்ப நிஜம்."

"சரி, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

"அங்க என்ன அப்படி ஒரு சத்தம்?"

"ஃபேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை வீடு வெறிச்சென்றிருந்தது. காலையில் அவள் குடித்த டம்ளர் கழுவாமல் கிடந்தது. மச்சானின் மிக்சிகூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. போயிருக்கலாம். போயிருந்தால் சர்வரும் பிழைத்திருக்கும். திங்கட்கிழமை நூலக வாசலில் நிற்கப்போகிற கூட்டமும், தலைவியின் கும்பிட்ட கைகளும் மாறி மாறி வந்து அவரைத் தின்றன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன் சர்வர் அறைக் கதவைத் தட்டினார். "சார், உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார்." பின்னால், ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு மச்சான் நின்றார்.

"மச்சான்! நீங்க எங்க இங்க? வீட்டுல விருந்தாளியை விட்டுட்டு?"

"எந்த விருந்தாளி?"

"உங்க தங்கச்சி."

"அவளும் என் வீட்டுக்காரியும் மலைமேல அந்த ஏரிக்குப் போயிருக்காங்களே. போட்டெல்லாம் விடுவாங்களாம். நாளைக்குத்தான் வருவாங்க. வீடு வெறிச்சுனு இருந்துச்சு. நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு தங்கச்சி சொன்னா. அதான் இதைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"நான் இங்க இருப்பேன்னு எப்போ சொன்னா?"

"போன மாசமே சொல்லிட்டாளே, இந்த வாரம் உங்களுக்கு சர்வர்ல வேலை வந்துடும்னு."

"போன மாசமா? நான் முடிவு பண்ணினதே வியாழக்கிழமைதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. மச்சான் கம்ப்யூட்டரை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்கு வர்றது அவ்வளவு கஷ்டமா மாப்ளே?"

சர்வர்காரர் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க படிச்சவர். உங்ககிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது. அதான், எதையாவது எடுத்து நீட்டுவேன். போன தடவை அந்த மிக்சி நல்லாத்தான் இருந்துச்சு."

பேச்சை மாற்ற, சர்வர்காரர் "இதுக்கு என்ன ஆச்சு?" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"ஆன் பண்ணா ஆன் ஆகுது. ஆஃப் பண்ணா ஆஃப் ஆக மாட்டேங்குது."

"எந்த சிஸ்டம்?"

"வாங்கினப்ப என்ன இருந்துச்சோ அதான். எல்லாரும் மாத்து மாத்துன்னாங்க. ஓடறதை எதுக்குத் தொடணும்?"

சர்வர்காரர் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சர்வருக்கு வேண்டியதே அணையாமல் இருப்பதுதான். காணாமல் போன லைப்ரரி அந்தப் பழைய சிஸ்டத்தில் பத்திரமாக இருந்தது. மென்பொருளை அதில் ஏற்றினார். அது பழைய வீட்டுக்கு வந்த பூனைபோல மூலைமுடுக்கெல்லாம் முகர்ந்துவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்தது. புத்தக விவரங்களைக் கொட்டினார். யார் வீட்டில் எந்தப் புத்தகம் என்று வரிசையாகத் திரையில் வந்து நின்றது. மச்சான் தெருமுனைக்குப் போய் இரண்டு காபி வாங்கிவந்தார். அன்றைக்கு அவர் அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று சர்வர்காரருக்கு இருந்தது.

சாயங்காலம் மனைவியே கூப்பிட்டாள்.

"எந்திரிச்சுதா உங்க சர்வர்?"

"எந்திரிச்சிடுச்சு. ஏரி எப்படி இருக்கு?"

போனில் நேற்றைய 'ஃபேன்' மறுபடியும் இரைந்தது.

"அண்ணன் வாய் நிக்காதே. குளிருது. நல்லா இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"

"வருஷா வருஷம் சொன்னேனேங்க. 'அடுத்த வருஷம்'னீங்க. இந்த வருஷம் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பதில் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தது. அது அடுத்த வருஷமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

"அதான் அண்ணன் வீடுன்னு சொன்னேன். நீங்க சும்மா பேச்சுக்கு சர்வர்னு சொல்லிட்டு வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். எதுக்கு நிஜமாவே போய் உடைச்சீங்க?"

"நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு பயந்துதான்."

அவள் சிரிக்கவில்லை. உடம்புக்கு முடியாதவரிடம் பேசுவதுபோலப் பரிவாகச் சொன்னாள்:

"அடுத்த தடவை பொய் மட்டும் சொல்லுங்க, போதும். நான் நம்பிக்கறேன்."