எழுந்தாச்சு, மலை தெரியுது

ராஜேந்திரன் காலையில் எழுந்ததும் மாடியேறி அண்ணாமலையைப் பார்ப்பார். பிறகு பெங்களூரில் இருக்கும் மகள் எழிலரசிக்கு, "எழுந்தாச்சு, மலை தெரியுது" என்று கைபேசியில் செய்தி அனுப்புவார். மனைவி சரசு மறைந்து, திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் வீட்டில் அவர் தனித்துப்போன நாளிலிருந்து இதுவே வழக்கம். செய்தி வராவிட்டால் மகள் பக்கத்து வீட்டு மணிவேலை அழைப்பாள்; மணிவேல் சுவரேறிக் குதிப்பார்.

ஒருநாள் அயர்ந்து தூங்கிவிட்டார். விழித்தபோது மணிவேல் அவர் மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இருக்கீங்களா! செவுரு ஏறி என் முட்டி பேந்துபோச்சு."

மானம் போயிற்று. தொலைபேசித் துறையில் ஊரார் குரல்களையெல்லாம் இணைத்து ஓய்வு பெற்றவருக்கு, ஒரு வரிச் செய்தியைத் தானாகப் போகவைப்பது பெரிதா? உள்ளங்கை அகலக் கணினிப் பலகை ஒன்றைப் பெட்டியோடு வாங்கினார். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. அலமாரியில் கிடந்தபடி, காலைதோறும் அவர் பெயரில் செய்தி அனுப்பினால் போதும்.

"தலையில்லாத கம்ப்யூட்டரா?" என்றார் மணிவேல்.

"தலை இல்லாட்டி தலைவலியும் இல்லப்பா."

தலைவலி வந்தது. முதலில் ஏற்றிய இயங்குதளம் சகல வசதிகளும் நிறைந்தது. ஒரு காலையில் அது, 'புதுப்பிக்கலாமா?' என்று இல்லாத திரையில் கேட்டுவிட்டு, இல்லாத விசைப்பலகையிலிருந்து விடை வருமென்று காத்திருந்தது. செய்தி போகவில்லை. மணிவேல் குதித்தார்.

அதை அழித்து வேறொன்று ஏற்றினார். மின்சாரம் போய் வந்ததும் அதற்கு நேரம் குழம்பி, விளக்கேற்றும் வேளையில் "எழுந்தாச்சு" என்றது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதென்று மகள் பதறினாள். மணிவேல் இம்முறை ஆட்டோவோடு வந்தார்.

"தூக்கம் ஜாஸ்தியாயிடுச்சாண்ணா? ஏறுங்க, டாக்டர பாத்துடலாம்."

மூன்றாவதை ஆராய்ந்து தேர்ந்தார். தேவையற்றது எதுவும் அதில் இல்லை. எதையும் கேட்காது, மின்சாரம் போனாலும் கெடாது, விழித்ததும் இணையத்திடம் மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும். யாரும் ஏறிட்டுப் பார்க்கவே வேண்டாம்.

அன்றிலிருந்து செய்தி தவறவில்லை. அவர் கைபேசியை எடுக்குமுன்பே மகளின் பதிலும் வந்துவிடும்: "சரிப்பா. வேளைக்குச் சாப்பிடுங்க." என்ன அக்கறை என்று நெகிழ்ந்தார்.

மகள் அழைக்கவில்லை. மணிவேல் குதிக்கவில்லை, அவர் முட்டியும் ஆறிவிட்டது. ராஜேந்திரன் மாடியேறுவதையும் விட்டார். மலையைத்தான் பெட்டி பார்த்துவிடுகிறதே!

மார்கழிப் பனியில் காய்ச்சல் கண்டது. எழ முடியவில்லை. பெட்டி, "எழுந்தாச்சு, மலை தெரியுது" என்றது. "சரிப்பா. வேளைக்குச் சாப்பிடுங்க" என்று பதில் வந்தது. மறுநாளும் அப்படியே. தொண்டை வறண்டு கிடந்தவர் சன்னல்வழியே சுவரைப் பார்த்தார். யாராவது ஏறிக் குதிக்கமாட்டார்களா?

புலி வருகிறதென்று பொய் சொன்னவன் கதையை அவர் அறிவார். புலியே வரவில்லை என்று பொய் சொன்னவனை யார் வந்து காப்பது?

கைபேசியை எடுத்து மகளை அழைத்தார்.

"எழிலு, மன்னிச்சிடும்மா. இத்தனை நாளா சேதி அனுப்புனது நானில்ல, ஒரு பெட்டி. ரெண்டு நாளா எனக்கு ஜுரம். உன்னை ஏமாத்திட்டேன்."

மறுமுனையில் கேட்டது: ஒரு விசும்பல், ஏதோ கீழே விழுந்து உடையும் ஓசை.

"கோவமாம்மா?"

மருமகன் கலையரசன் பேசினான்:

"கோவமெல்லாம் இல்ல மாமா. உங்களுக்கு தினம் 'சரிப்பா' சொல்லிட்டிருந்த எங்க வீட்டுப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுட்டு, திருவண்ணாமலை பஸ்ஸுக்கு ஓடறா."