குழம்பு ஆறாத தூரம்

திண்டுக்கல்லில் பாதிக் கல்யாணங்களை முடித்துவைத்தவரும், மீதிப் பாதியை நடக்கவிடாமல் செய்தவரும் ஒருவரே. ஊர் அவரை 'நியர்பை' என்றுதான் அழைத்தது. பெற்றோர் வைத்த பெயர் தெரிந்த யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

தொழில், கல்யாணத் தரகு. பைபாஸ் ஓரம் வீட்டுமனை விற்பவர்கள் வைத்திருந்த பலகைகளிலிருந்து அந்த ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் நியர்பை, பள்ளிக்கூடம் நியர்பை என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் கருவேலங்காடு மட்டும்தான் நியர்பை. அதன்பின் அவர் வாயில் அந்தச் சொல் படாத பாடு பட்டது.

"மாப்பிள்ளை டிகிரியா?"

"டிகிரிக்கு நியர்பை." ஒரு பேப்பர் பாக்கி என்று அர்த்தம்.

"வயசு?"

"முப்பதுக்கு நியர்பை." எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார்.

ஆனால் தூரம் என்று வந்துவிட்டால் விளையாட்டெல்லாம் கிடையாது. பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் எல்லோரும் "பக்கத்துலயே பாருங்கண்ணே" என்பார்கள். பக்கம் என்றால் எவ்வளவு? அகராதி 'அருகில்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 'திண்டுக்கல் அருகே விபத்து' என்று எழுதியே காலம் தள்ளிய நிருபன் நான். எவ்வளவு அருகே என்று என்னையும் யாரும் கேட்டதில்லை. அவர் ஒருவர்தான் கேட்டார். அளவையும் அவரே கண்டுபிடித்தார்.

"ஆத்தா வீட்டுல வச்ச கொழம்பு மக வீட்டுக்கு ஆறாமப் போய்ச் சேரணும். அம்புட்டுத்தான் நியர்பை."

பேச்சோடு நிற்கவில்லை. பெண் வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பைத் தூக்குவாளியில் வாங்கி, மொபெட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாப்பிள்ளையின் அம்மா வாளியைத் திறந்து விரல் விட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் சம்பந்தம். ஒருமுறை அடுத்த தெரு மாப்பிள்ளையையே தள்ளிவிட்டார். நடுவில் ரயில்வே கேட்.

"சரக்கு வண்டி போய் முடியறதுக்குள்ள ஆடை கட்டிருச்சு தாயி. இது ரொம்பத் தூரம்."

இரண்டு வீட்டாரும் கெஞ்சிப் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை.

என் தங்கை மலருக்குப் பழனிக்குப் பக்கத்திலுள்ள ஆயக்குடியிலிருந்து வரன் வந்தது. கொய்யாத் தோப்பு, அலட்டிக்கொள்ளாத பையன். பார்த்துவிட்டுப் போன அன்றே மலருக்குப் பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பையனை அல்ல, பழனி ரோட்டின் நீளத்தை.

"வாளி போகட்டும். சுட்டாச் சரி. இல்லேன்னா வேற எடம் பாருங்கண்ணே" என்றாள். முடிவு அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

மலர்தான் வாளியைக் கொண்டுவந்து மொபெட்டில் மாட்டினாள். மெல்லக் கேட்டாள்.

"ஆறாமப் போயிருமா மாமா?"

அவர் வாளியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூடியை நல்லா இறுக்கிப் போடு பாப்பா."

மதியம் ஆயக்குடியிலிருந்து போன் வந்தது. பையனின் அம்மா.

"ஏனுங்க, வெரலே வெந்துபோச்சுங்க. இத்தன சூட்டோட எப்படிங்க அனுப்புனீங்க?"

சொன்ன சொல்லுக்கு அம்மா கட்டுப்பட்டாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதன்பிறகு முதல் தடவையாக மலர் வீட்டுக்கு அம்மா குழம்பு வைத்து எடுத்துக்கொண்டாள். நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஆயக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், சத்திரப்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். அம்மாவின் கையிலிருந்த வாளியைப் பார்த்த கடைக்காரர், "சூடு பண்ணோணுங்களா?" என்றார்.

"எதுக்குக் கேக்குறீக?" என்றாள் அம்மா.

"முன்னால ஒரு பெரியவரு மொபெட்டுல இதே மாதிரி வாளியோட வந்தாருங்க. பக்கத்துலயே நின்னு, தளதளன்னு கொதிச்ச பொறவுதான் வாங்கிட்டுப் போனாரு. யாருகிட்டயும் சொல்லோண்டாம்னாருங்க."

அடுத்த தெருவைத் தூரம் என்று சொன்ன மனிதர்.

அம்மா வாளியை நீட்டினாள்.

"நல்லாக் கொதிக்கட்டும்."

இப்போது மூட்டுவலி, அவர் மொபெட் ஓட்டுவதில்லை. பேகம்பூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு முறையும் சத்திரப்பட்டியில் நிற்கிறோம். மலர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா முதல் வேலையாக அவருக்குத்தான் போன் போடுகிறாள்.

"அண்ணே, கொழம்பு ஆறாம வந்து சேந்துருச்சு."

"நியர்பைன்னு அப்பவே சொன்னேன்ல தாயி."

"ஆமாண்ணே, பக்கந்தான்" என்கிறாள் அம்மா.