ஊமை வெள்ளிக்கிழமைகள்

மூன்றாவது வெள்ளிக்கிழமையாக நேரலையில் வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. "காப்புரிமை உள்ள இசை" என்று திரையின் அடியில் ஒரு வரி மட்டும் நின்றது.

அல்டூனா நகர யூத ஜெபாலயத்தின் அலுவலகம், கேமரா, காப்பிப் பாத்திரம் மூன்றையும் கவனிப்பவள் ரைசா. அந்த நேரலையைப் பார்ப்பவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான்: முதியோர் இல்லத்தில் படுத்திருக்கும் ஸ்லோட்கின். டிசம்பரில் வரும் ஹனுக்காப் பண்டிகையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது வசந்தகாலத்துப் பாஸ்காப் பண்டிகையே நெருங்கிவிட்டது. பாட்டுதான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ரைசா நம்பினாள்.

"கூட்டு லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு," என்றாள், முன்நின்று பாடும் மோரியிடம். "நம்ம இசையமைப்பாளர்கள் நிறையப் பேருக்குச் சேர்த்து ஒரே அனுமதி. என்னென்ன மெட்டு பாடறோம்னு எழுதிக் கொடுத்தா போதும்."

"எழுது. எல்லாம் கடவுள் வேதம் கொடுத்த சினாய் மலையிலேர்ந்து வந்தது."

"கடைசிப் பாட்டு?"

"அதுவும்தான்."

உரிம அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள். கடைசிப் பாட்டு சினாயிலிருந்து வரவில்லை, சான்டியாகோவிலிருந்து 1974இல் வந்தது என்று பதில் வந்தது. மெட்டமைத்தவர் உயிரோடிருக்கிறார். கூட்டு உரிமத்தில் சேராதவர்.

ரைசா அவருக்கே எழுதினாள். நல்ல மனிதர். நீங்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு அனுமதி தருகிறேன் என்றார். பழைய பதிவு ஒன்றை அனுப்பினாள். அன்றே பதில் வந்தது: "இது என் பாட்டு இல்லை. தயவுசெய்து என் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள்."

இருந்த ஒரு அப்பனையும் பாட்டு இழந்தது. அப்பன் பெயர் தெரியாத பாட்டுக்கு அனுமதி கிடையாது என்றது உரிம அலுவலகம்.

"அப்போ அந்த மெட்டையே விட்டுடுங்க. நூறு வருஷத்துக்கு முந்தினது எதையாவது பாடுங்க," என்றாள்.

மோரி பாடினார். கூட்டம் இரண்டு அடி பொறுத்தது. மூன்றாவது அடியில் பெர்த்தா ஹாஃப்னர் வழக்கமான மெட்டில் இழுக்க, எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். மறுபடியும் மீறிவிட்டீர்கள் என்று நேரலைத் தளம் ஒரு மாதத்துக்குச் சத்தத்தையே நிறுத்திவிட்டது.

"ஒரு மாசமா? ஸ்லோட்கினுக்கு ஏது ஒரு மாசம்?"

"சும்மா புலம்பாதே," என்றார் மோரி. " போன் போட்டுக் கேட்க வை. மூணாவது வரிசை ஓரத்துல உட்காரு, சத்தம் அங்கதான் நல்லா விழும்."

"அது ஸ்லோட்கின் எப்பவும் உட்கார்ந்த இடமாச்சே. யாருமே உட்கார மாட்டாங்க."

"அவருக்காகத்தானே உட்காரப் போறே? கடிச்சிட மாட்டாரு."

முழு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆட்களை நேராக எண்ணினால் கண்பட்டுவிடும். அதனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் மோரி எப்போதும்போல விரலை நீட்டி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல," என்று போனார். "ஒன்பது இல்ல" வந்ததும், கேமராவுக்குப் பின்னாலிருந்து "பத்து இல்ல!" என்று ரைசா குரல் கொடுப்பது வழக்கம். அன்று கேமராவைத் தானாக ஓடவிட்டு, மூன்றாவது வரிசையிலிருந்து கொடுத்தாள்.

முதியோர் இல்லத்தில் நர்ஸ் கொலீன் போனை எடுத்தாள்.

"அவர் காதுகிட்ட வைங்க, கொலீன். பாட்டு முழுக்கக் கேட்கட்டும்."

கை கடுக்கக் கடுக்க ரைசா போனைத் தூக்கிப் பிடித்தாள். அப்பனில்லாத பாட்டை எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள். பெர்த்தா அழுதேவிட்டாள். எல்லாம் முடிந்ததும் ரைசா போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டாரா?"



"அவர் என்னைக்குமே சத்தத்தை அணைச்சிட்டுத்தாம்மா பார்ப்பாரு," என்றாள் கொலீன். "திரையில விரலை வச்சு 'ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல'ன்னு போவாரு, 'ஒன்பது இல்ல'யோட நின்னு, 'பத்தாவது நான்தான், நான் போயிட்டா இவங்க என்ன பண்ணுவாங்க'ம்பாரு, இன்னைக்குத்தான் அவர் இடத்துல உங்களைத் தொட்டு 'பத்து இல்ல'ன்னாரு, சிரிச்சாரு, கண்ணை மூடிட்டாரு."