கல்லுக்குப் பதிலாக வந்த கனகராஜ்

ஏம்பலம்,
வியாழக்கிழமை.

மஸ்கட்டில் ஏ.சி. வேலை பார்க்கும் மகன் கலைவேந்தனுக்கு அம்மா ஜெயமணி எழுதிக்கொள்வது. உனக்கு அந்தச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மாடு சுகம், கன்றுக்குட்டி சுகம், தென்னை சுகம். மனுஷர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அந்த லேப்டாப் கடையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது. நான் இருந்தேன். உன் பெண்டாட்டி சரண்யா இருந்தாள். உன் மகள் யாமினி இருந்தாள். சரண்யாவின் அண்ணன், அதாவது உன் மச்சான், மோட்டார் பம்பு கடை கனகராஜ், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சென்ட் அடித்துக்கொண்டு இருந்தான். நரேஷ் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த கடைப் பையன் இருந்தான். கல்லாவில் இருந்த முதலாளி கடைசி வரை போனிலேயே பேசிக்கொண்டிருந்ததால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்து வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு நடுவில் உன்னால் சரிம்மா போட முடியாது. வில்லியனூர் ஜவுளிக்கடை வீட்டு அமீர் ஹம்சா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் எதிரிலேயே பிரித்துப் படி.

யாமினிக்கு லேப்டாப் எதற்கு என்பது உனக்குத் தெரியும். ஐந்து பெண்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் கேம் ஆட ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். அமீர் ஹம்சாவின் மகள் அஃப்சானாவும் அதில் ஒருத்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் ஒரு காலேஜில் போட்டி, அவரவர் லேப்டாப்பை அவரவர் கொண்டுபோக வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் ஐந்து பேரையும் சேர்க்க மாட்டார்களாம். "படிக்கறதுக்குன்னா வாங்கும்மா, வெளையாடறதுக்குன்னா வேணாம்" என்றாய் நீ. படிப்பும் படிப்பாள், விளையாட்டும் விளையாடுவாள், பி.காம். படிக்கிற பெண்ணுக்கு இரண்டு கை இருக்கிறது என்றேன் நான். "சரிம்மா" என்றாய். அந்தச் சரிம்மாவை நம்பித்தான் கிளம்பினோம்.

கிளம்பும்போது பார்த்தால் நாங்கள் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் வழக்கம்போல ஒரு கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அதை நாலாவது ஆளாகக் கணக்கு வைக்கலாம் என்று வாசலில் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து கனகராஜ் பைக்கில் வந்து நின்று, "எதுக்கு அத்தே கல்லு, நான் இன்னாத்துக்கு இருக்கறேன்" என்றான். கல்லைக் கீழே போட்டேன். கலைவேந்தா, அந்தக் கல் வந்திருந்தால் ஆட்டோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்காது, போகிற வழியில் டீ கேட்டிருக்காது, முக்கியமாகக் கடைக்குள் வந்து வாயைத் திறந்திருக்காது.

கடைக்குள் போனதும் நரேஷ், "இன்னா யூஸுக்கு மேடம்?" என்று கேட்டான். "படிப்புக்கு" என்றாள் சரண்யா. "கேமிங்" என்றாள் யாமினி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழவே அந்தப் பையன் என்னைப் பார்த்தான். "ரெண்டுக்கும்தான்பா. வெளையாடி மிச்ச நேரத்துல படிக்கும்" என்றேன். நல்ல பையன், சிரிக்கவில்லை. எழுத்துகளெல்லாம் சிவப்பாக எரிகிற ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்து, "நம்ம பட்ஜெட்ல கேமுக்கு இதான் சரியா வரும் ஆயா. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்குது. ரேம் பத்தலன்னா பின்னாடி சேத்துக்கலாம், கார்டைப் பின்னாடி சேக்க முடியாது, அதனால மொதல்ல அதைப் பாத்து வாங்கணும்" என்றான். யாமினி தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கனகராஜ் மட்டும் குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தான்.

"இன்னாபா உள்ள ஓடுது?"

"ஃபேன் சார். ரெண்டு ஃபேன்."

"ரெண்டு ஃபேன் வெச்சாத்தான் தாங்குதுன்னா பொருள் வீக்குனு அர்த்தம். இப்பிடி சூடாவற மோட்டாரு என் கடைக்கு வந்தா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவேன். ஃபேனே இல்லாததா எடு."

"மாமா, கேம் ஆடினா சூடாவும். அதுக்குத்தான் ஃபேன்."

"அப்ப ஆடாத பாப்பா. பொருள் நிக்கும்."

"கனகராஜு, நாம தண்ணி எறைக்க வாங்க வரல" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் விலை நம் கைக்குக் கொஞ்சம் எட்டவில்லை. சரண்யா பர்ஸுக்குள் பார்த்தாள், யாமினி தரையைப் பார்த்தாள். நான் என் காதில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனகராஜ், "இதே பீஸு விண்டோஸ் இல்லாம இருக்குதா?" என்று கேட்டான். இருந்தது. அது கைக்கு எட்டியது. மோட்டார் கடைக்காரனுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டதோடு விட்டேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "அத்தே, பெட்டி வேற, உள்ள போடறது வேற. பெட்டிய மட்டும் வாங்கிக்குவோம். உள்ள போடறத எங்க கடைக்கு பில்லு சாப்ட்வேர் போடற மணிவண்ணன் சும்மாவே போட்டுக் குடுப்பான்" என்றான். "மாமா, அந்த கேமு விண்டோஸ்லதான்..." என்று யாமினி ஆரம்பித்தாள், நரேஷும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எல்லாம் போட்டுக்கலாம் பாப்பா. தம்பி, நீ பில்லப் போடு" என்று இரண்டு பேர் வாயையும் சேர்த்து அடைத்தான். பெட்டியோடு ஒரு பையும் மவுஸும் இனாம். பை யாமினிக்கு வந்தது. மவுஸ், "கடைக்கு ஆவும்" என்று கனகராஜின் சட்டைப்பைக்குள் போனது.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் வடை வராமல் போனது அவன் வாளி தூக்கிய வரிசையில்தான். யாமினியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் என்று மேளம் வைத்துக் கொண்டுவந்து இறக்கினானே மிக்சி, அதற்கு மூடி இல்லை. "மூடி பின்னாடி வருது அத்தே" என்றான். இன்று வரை சட்னி அரைக்கத் தட்டைத்தான் கவிழ்த்துப் பிடிக்கிறேன். அப்படிப்பட்டவன் உள்ளே ஒன்றும் இல்லாத லேப்டாப்பை வாங்கித் தந்ததில் அதிசயம் என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சரண்யா சந்தனமும் குங்குமமும் கரைத்துக்கொண்டு வந்தாள். லேப்டாப்பின் மேல் வைக்க யாமினி விடவில்லை, அட்டைப்பெட்டிக்குத்தான் பொட்டு வைத்தோம். அட்டைப்பெட்டி இப்போது சாமி அலமாரியில் சௌக்கியமாக இருக்கிறது. மறுநாள் மணிவண்ணன் வந்து உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றினான். "எவ்ளோபா?" என்றேன். "காசே இல்ல ஆயா. நாலு பேரு சேந்து செஞ்சு ஊருக்குப் பொதுவா வுட்டது" என்றான். அன்னதானம் மாதிரி. பாட்டு பாடியது, படம் காட்டியது, தமிழில் எழுதியது, பட்டென்று திறந்தது, பட்டென்று மூடியது. குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாமினி அந்த ஆட்டத்தைத் திறந்தாள். அது முகத்தைக் காட்டிவிட்டு உடனே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டது.

மணிவண்ணன் தலையைச் சொறிந்தான். "அந்த கேமுக்கு வாசல்ல ஒரு செக்யூரிட்டி வெச்சிருக்கான் ஆயா, ஏமாத்தி ஆடறவனப் புடிக்கறதுக்கு. விண்டோஸ் வழியா வந்தாத்தான் உள்ள வுடுவான். இது வழியா வந்தா திருடன்னு நெனைச்சுக்குவான்."

"நாம இன்னாடா திருடினோம்?"

"ஒண்ணும் திருடல. வேணும்னா என் பென்டிரைவ்ல திருட்டு விண்டோஸ் ஒண்ணு இருக்குது, ஏத்தட்டுமா?"

"அத உள்ள வுடுவானா?"

"வுடுவான்."

பென்ஷன் மனு கொடுக்கப் போன இடங்களில் நான் இந்த மாதிரிக் காவல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை. யாமினிதான், "வேணாம் ஆயா. போட்டி நடத்தறவங்க கண்டுபுடிச்சா டீமையே வெளிய அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். விவரம் கேட்டு அஃப்சானா ஸ்கூட்டியில் ஓடி வந்து, "நீ வரலன்னா எங்க நாலு பேத்துக்கும் அங்க இன்னாடி வேலை" என்று சொல்லி, உட்காராமல்கூடத் திரும்பிப் போனாள். அவளுக்கு அவள் அப்பா இரண்டு ஃபேன் ஓடுகிற பெட்டியை விண்டோஸோடு வாங்கித் தந்திருக்கிறார். அதற்கு யாரும் காது வைத்துப் பார்க்கவில்லை.

யாமினி அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஆட்டம் இல்லாத திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கை மறந்துவிடக் கூடாது என்று விரல்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

கனகராஜிடம் கேட்டால், "ஞாயித்துக்கெழமை போவட்டும் அத்தே, அப்புறம் பாக்கலாம்" என்கிறான். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறு போய்விடும் என்று தெரியும், அதனால் இன்றைக்கே சரண்யாவை விட்டு உனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறேன். நீ சரிம்மா சொல்லாமல் உன் மச்சானைக் கூப்பிட்டு நாலு கேள்வி நறுக்கென்று கேள். நான் சொன்னால் சிரிப்பான். உன் பேச்சைத்தான் அவன் தட்டமாட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறாய், மோர் குடி. சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை. நம் குலசாமி உன் கூடவே இருந்து, கனகராஜ் மாதிரி ஆட்களை உன் பக்கம் அண்டவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா ஜெயமணி.

பின்குறிப்பு, திங்கட்கிழமை: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். வியாழக்கிழமை எழுதி முடித்த பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பால் ஊற்றுகிற இடத்தில் சொன்னேன், பண்டசோழநல்லூர் போகிற பஸ்ஸில் சொன்னேன், களை எடுக்க வந்தவர்களிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கனகராஜ் கடைக்கு மோட்டார் வாங்க வந்தவர், "உள்ள செப்புக்கம்பி காயில் எல்லாம் போட்டிருக்குதா, இல்ல வூட்டுக்குப் போயி நாங்க போட்டுக்கணுமா?" என்று கேட்டாராம். அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே கேட்டாராம்.

சனிக்கிழமை காலையில் சென்ட் கூட அடிக்காமல் வந்து நின்றான். "அத்தே, என் பொழப்புல மண்ணப் போட்டுடாத. நானா செய்யல. மாப்ளதான் போன் பண்ணி, 'நீயும் கூடப் போ மச்சான், விண்டோஸ் இல்லாத பெட்டியாப் பாத்து முடிச்சுடு, அதுல அந்த கேம் ஓடாது. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது'ன்னாரு" என்றான். சரண்யா காதில் விழ, யாமினி காதில் விழச் சொன்னான். சொல்லிவிட்டு, மணிவண்ணனை வரவழைத்து, தன் காசில் முறையான விண்டோஸை ஏற்ற வைத்தான். காவல்காரன் கதவைத் திறந்தான். ஃபேன் இரண்டும் ஓடியது எனக்கு அடுப்படி வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்களாம். யாமினி வந்து, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எதிர் டீம்காரிகளை அப்படித் திட்டினாள், இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த மாதம் கடலூரில் ஒன்று இருக்கிறதாம். போவாள்.

ஆகவே மேலே கனகராஜைப் பற்றி எழுதியதையெல்லாம் நீயே அடித்துவிடு, எனக்குத் திரும்ப எழுத விரல் வலிக்கிறது. பத்தாவது கணக்குப் பரீட்சை அன்றைக்கு நீ மட்டையைத் தூக்கிக்கொண்டு பாகூரில் மேட்ச் ஆடப் போனாய். உன் அப்பா அந்த மட்டையை வெட்டி அடுப்பில் வைக்க அரிவாளோடு தேடினார். நான் அதை நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்து மேலே சாக்கைப் போட்டுவிட்டு, ஏரியில் வீசிவிட்டேன் என்று அந்த மனுஷரிடம் பொய் சொன்னேன். அடுத்த வாரம் நீ ஆடப் போகும்போது அதை எடுத்து உன் கையில் கொடுத்தவள் இதெல்லாம் புரியாத அம்மாதான்.

மணிவண்ணனை மன்னித்தேன். எங்களை வாசலிலேயே நிறுத்திய அந்தக் காவல்காரனை மன்னித்தேன். கனகராஜை, வடையையும் சேர்த்து, மன்னித்தேன். மன்னிக்காத ஆள் ஒருவன்தான். அவன் மஸ்கட்டில் ஏ.சி. வேலை பார்க்கிறான், ஏம்பலம் ஜெயமணி பெற்ற பிள்ளை, பேர் கலைவேந்தன்.