எதிர்ப்பதற்கு ஆள் தேடிய தவளை

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, நரி இருந்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம்ம காட்டில் ஓர் ஆபீஸ் இருந்தது. கேடு அங்கேதான் பிடித்தது.

அல்லியம்மா என்ற தவளையின் குளம் வற்றிக்கொண்டிருந்தது. மேல்குளத்தில் தண்ணீர் தளும்புகிறது. நடுவில் வாய்க்காலை ஒரு மரக்கட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. கீழே சேற்றில் அவள் பிள்ளைகள், இன்னும் கால்கூட முளைக்காத தலைப்பிரட்டைகள், வாயைப் பிளந்துகொண்டு துடித்தன. பெற்ற வயிறு பற்றி எரியாதா?

யானை கொம்பையாவிடம் ஓடினாள்.

"தள்ளுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போவுது தாயி? ஆனா ஆபீஸ் முத்திரை குத்தின இலை இல்லாம தும்பிக்கையைத் தூக்க மாட்டேன். போன வருஷம் அப்படி ஒரு மரத்தைத் தள்ளப்போய், என் கரும்பை நிறுத்திப்புட்டாங்க" என்றார் அவர்.

ஆபீசில் அதிகாரி கொக்கு. குளம் வற்றினால் தலைப்பிரட்டைகளைச் சிரமமில்லாமல் கொத்தலாம்தான். இருந்தாலும் ஐயா அப்பழுக்கில்லாத நடுநிலைக்காரர். கட்டையை ஏன் எடுக்க வேண்டும் என்று கட்டுரை எழுதிவரச் சொன்னார். அவள் தாமரை இலை நிறைய எழுதிக்கொண்டு போனாள். ஒற்றைக்காலில் நின்றபடி படித்தார்.

"எல்லாம் உன் பக்கமே இருக்கேம்மா. எதிர்தரப்பு என்ன சொல்லுது? அதைச் சொல்லி, அதுக்குப் பதிலும் சொன்னாத்தான் கட்டுரை."

"குளத்துல தண்ணி வேண்டாம்னு யாருங்கய்யா சொல்லுவா?"

"தேடிப் பாரு. காடு பெரிசு."

தேடினாள். மானைக் கேட்டாள், முயலைக் கேட்டாள். பன்றியிடம் கெஞ்சியே விட்டாள். "தண்ணி வந்தா நல்லதுதானே, உனக்கென்ன கிறுக்கா?" என்று அது விரட்டியது. எனக்கு ஒரு எதிரி கொடுங்கள் என்று ஊர் ஊராகப் பிச்சை கேட்ட ஜீவன் உலகத்தில் அவள் ஒருத்திதான். கடைசியில் வேலைவெட்டி இல்லாத பெருச்சாளி குழிமுத்து மாட்டினான்.

"எதிர்க்கிறேன்க்கா. ஆனா என்னன்னு எதிர்க்கிறது?"

அவளே சொல்லிக்கொடுத்தாள்! "குளம் வறண்டா வளை தோண்ட இடம் கிடைக்கும்னு சொல்லு. கொசு குறையும்னு சொல்லு. இன்னும் அழுத்தமா, தம்பி! சொத்தை வாதத்தை அடிச்சு எனக்கென்ன பேரு வரப்போவுது?"

பாம்புக்குப் பால் வார்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அதைத் தவளையே செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பேசப் பேச, குழிமுத்துவுக்கே அது நியாயமாகப் பட்டுவிட்டது. குளத்துக்குள் வளை தோண்டிக் குடியேறினான். வறண்ட குளப் பாதுகாப்புச் சங்கம் வைத்தான். முன்னே விரட்டிய பன்றிதான் அதற்குப் பொருளாளர். அப்புறம் நேராக ஆபீசுக்குப் போய்த் தானும் ஒரு கட்டுரையை நீட்டினான்.

கொக்கு சொக்கிப்போனார். "அடடா! உன் கட்டுரையில எதிர்தரப்புக்கு உசுரோட ஒரு தவளையே இருக்கு! இதுவல்லவா கட்டுரை!"

கட்டையை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு எழுதி, முத்திரை குத்தி, பதில் கேட்டு வந்து நின்ற அல்லியம்மா கையிலேயே கொடுத்தார். "அந்தப் பக்கம்தானே போற? யானைகிட்டக் கொடுத்துடும்மா."

ஓவென்று அழுதபடி கொண்டுபோனாள். கொம்பையா இலையை வாங்கி அப்படிப் புரட்டினார், இப்படிப் புரட்டினார். தலைகீழாகப் பிடித்து முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"முத்திரை இருக்கு, அது போதும். எழுத்தெல்லாம் நமக்கு எதுக்குத் தாயி? எங்க வம்சத்துல யாரு பள்ளிக்கூடம் போனா?" என்று சொல்லிக்கொண்டே கட்டையைப் பார்த்து நடந்தார்.

அண்ணே, இலையில் வேறு மாதிரி எழுதியிருக்கு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிர்தரப்பையும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா! அல்லியம்மா சேற்றில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பக்கத்தில் பறந்த கொசுவோடு சேர்த்து அந்த வார்த்தையையும் விழுங்கிவிட்டாள்.

கட்டை உருண்டது. தண்ணீர் பாய்ந்து வந்தது. பிள்ளைகள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. சங்கம் கொடியோடும் பொருளாளரோடும் மிதந்தது.

நீதி: எதிர்தரப்பு வாதத்தை ஒளிக்காமல் எழுது, கட்டையைத் தள்ளுகிறவரிடம் மட்டும் வாசித்துக் காட்டாதே.