சடையனுக்கு நான் கட்டிய சாப்பாட்டுக் காசு

கட்டிய புருஷனுக்குச் சோறு போடுவது எல்லாப் பெண்களும் செய்வது. தீர்த்து விட்ட புருஷனை ஜெயிலில் உட்காரவைத்து, காசு கட்டிச் சோறு போட்டவள் இந்த மலையில் நான் ஒருத்திதான். வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. நான் எழுதப் படிக்கப் பிந்தித்தான் கற்றேன். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சடையன் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. படுத்தால் எழமாட்டான், அவ்வளவுதான். எனக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் வளப்பூர் நாட்டில் (மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு) கூட்டம் கூடியது. நாட்டுக் கவுண்டர் முன்னால் துரும்பை முறித்துப் போட்டோம். எங்கள் மலையில் அதோடு தீர்ந்தது. நான் வேறொருவனைக் கட்டும்வரை வருஷத்துக்கு மூன்று மூட்டை சாமை தரவேண்டும் என்று பேச்சு. கர்ணம் அதைத் தாளில் எழுதினார். சடையன் கைநாட்டு வைத்தான்.

முதல் வருஷம் தந்தான். பிறகு பைல் நாட்டில் பொன்னாயி என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். சாமை நின்றது. எனக்கு இருந்த துண்டு நிலம் அரை வருஷத்துக்குக் காணும். மீதி அரை வருஷத்துக்கு அந்தச் சாமைதான். அந்த ஆடியில் என் குதிரில் எலிகூட இல்லை. வேறு ஊடு பார்த்துப் போய்விட்டது.

கவுண்டரிடம் போனேன்.

"அவன் நாடு தாண்டிட்டான் கண்ணு," என்றார். "பைல் நாட்டுல எம் பேச்சு ஏறாது. கீழ கோர்ட்டுக்குத்தான் போகோணும்."

தாளை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். சேந்தமங்கலத்தில் ஒரு வக்கீல் தாவா போட்டார். சடையன் கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. வராத சாமைக்குப் பணமாக மதிப்புப் போட்டு எனக்குத் தீர்ப்பு ஆனது. தீர்ப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, சாமையே கைக்கு வந்துவிட்டதுபோல மலை ஏறினேன். (தாளைக் காய்ச்சிக் குடிக்க முடியாது என்று பிறகுதான் தெரிந்தது.)

மறுபடி இறங்கினேன்.

"பணம் தரல்லேன்னா ஜப்தி பண்ணலாம்மா," என்றார் வக்கீல். "அவனுக்கு நிலம் இருக்கா?"

"பொண்டாட்டி நெலமுங்க சாமி."

"மாடு?"

"அதுவும் அவளுதுங்க."

"வீட்டுல பண்டம் பாத்திரம்?"

"ஊடே அவளுதுங்க."

வக்கீல் பேனாவை மூடினார். "அப்போ அவன் ஒருத்தன்தான் மிச்சம். ஆளைப் பிடிச்சு ஜெயில்ல போடலாம். ஆனா மாசா மாசம் படிக்காசு நீதான் கட்டணும். முடியுமா?"

"கட்டறேனுங்க."

அது என்ன காசு என்று கேட்கவில்லை. கேட்டால் மலைக்காரி என்று சிரிப்பாரோ என்று ஒரு ரோசம். கோர்ட்டுக்காரர்களுக்கு ஏதோ செலவு என்று நினைத்துக்கொண்டேன். ஜெயில் என்றதுமே எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் நாட்டில் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காதவனைக் கவுண்டர் கூட்டத்து மரத்தடியில் நிறுத்திவைப்பார். கட்டமாட்டார், அடிக்கமாட்டார். அவன் அங்கேயே நிற்கவேண்டும். யாரும் தண்ணீர் தரமாட்டார்கள். பார்த்த சனம் போய் அவன் சொந்தக்காரர்களிடம் சொல்லும். வெட்கம் தாங்காமல் மாமன் மச்சான் எல்லாம் தானியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பொழுது சாய்வதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். ஜெயிலும் இதேதான், சுவர் மட்டும் கூடுதல் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இருந்த மிளகையெல்லாம் விற்றுக் காசு கட்டினேன்.

சடையனைப் பிடிக்கக் கோர்ட்டு அமீனா மலை ஏறினார். கனத்த மனிதர். கையில் குடை, தோல் பை. ஆளைக் காட்டிக்கொடுக்க நானும் கூடப் போனேன். பாதி ஏற்றத்தில் பையை என்னிடம் தந்தார். கொஞ்ச தூரத்தில் குடையையும் தந்தார். பைல் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சடையன் பலாமரத்து நிழலில் படுத்திருந்தான்.

"உன்னைப் பிடிக்க வந்திருக்கேன்," என்றார் அமீனா. அதற்குமேல் மூச்சு இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

சடையன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பலாச்சுளை கொடுத்தான். பிறகு, "அங்க சோறு போடுவீங்களாங்க?" என்று கேட்டான்.

"போடுவாங்க."

"என்ன சோறுங்க?"

"அரிசிச் சோறு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். இறங்கும்போது ஓடையில் அமீனாவுக்குக் கால் பிசகிவிட்டது. அங்கிருந்து அடிவாரம் வரை சடையன்தான் அவரை முதுகில் சுமந்தான். எதிரே வந்தவர்கள் யார் யாரைப் பிடித்துப் போகிறார்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் குடையைப் பிடித்தபடி நடந்தேன்.

பங்குனி போனது. சொந்தக்காரர் ஒருவரும் ஓடி வரவில்லை. விசாரித்தேன். சடையனுக்குச் சர்க்கார் கூப்பிட்டுச் சோறு போடுகிறது என்று பைல் நாடு முழுக்கப் பெருமையாகப் பேசிக்கொண்டார்களாம். யாருக்கும் வெட்கம் இல்லை.

சித்திரையில் ஆட்டை விற்று இரண்டாம் மாசக் காசைக் கொண்டுபோனேன். வக்கீல் இல்லை. அவருடைய குமாஸ்தாவிடம், "இந்தக் காசு யாருக்குங்க போகுது?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"உன் ஆளுக்குத்தான். அவன் சாப்பாட்டுச் செலவு. கடன் கொடுத்தவங்கதான் கட்டணும், சட்டம் அப்படி."

"அவன் எனக்குச் சோறு போடோணும்னுதானுங்க கேஸ் போட்டேன்."

"ஆமா."

"இப்ப நான் அவனுக்குப் போடறனா?"

"ஆமா."

"கட்டலீன்னா?"

"விட்டுருவாங்க. விட்டா இதே கடனுக்கு மறுபடி பிடிக்க முடியாது."

மிளகு போச்சு. ஆடும் போச்சு. விட்டால் அவனும் போவான். வீம்பு பிடித்துக் காசைக் கட்டினேன். கட்டிய கையோடு ஜெயிலுக்கு நடந்தேன். அவன் வெட்கப்பட்டுக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாலாவது மனம் ஆறும் என்று.

சடையன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. என்னிடம் இருந்தவரை முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் கண்டதில்லை.

"வா புள்ள," என்றான். "நீதான் காசு கட்டறயாமா. வார்டர் சொன்னாரு. நல்லா இருப்ப."

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"சோறு குத்தமில்ல. கொழம்புலதான் உப்பு மட்டு. நாஞ் சொன்னா எடுபடல. காசு கட்டறவ நீ, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

அவனை நாலு வார்த்தை திட்டத்தான் வந்தேன். திட்டவில்லை. நேராக வார்டரிடம் போனேன். "ஏனுங்க, கொழம்புல உப்பு பத்தலீங்களாமா," என்றேன். (இதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.)

வார்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் உன் புருஷனா?"

"இல்லீங்க. தீர்த்து விட்டாச்சுங்க."

"அப்புறம் உனக்கு என்ன?"

வந்துவிட்டேன்.

மூன்றாம் மாசத்துக்கும் எப்படியோ புரட்டிக் கட்டினேன். என்னத்தை விற்றேன் என்று சொல்லமாட்டேன். அடுத்த மாசத்துக்கு விற்க ஒன்றும் இல்லை. வைகாசியில் முதல் மழை விழுந்த மறுநாள் பொன்னாயி என் ஊட்டு வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவளிடம் நான் பேசியதில்லை.

"அக்கா, அவனுக்குச் சோறு நீதான் போடறயாமா."

"ஆமா."

"நீயே வச்சுக்கறயா?"

"வேண்டாம்."

"அப்ப விட்டுரு. வெதைக்க ஆளில்ல. ஏர் மட்டும் ஒழுங்காப் புடிப்பான்."

"எனக்கு வரோணுமே, அந்தச் சாமை?"

"என்ன சாமை?"

தாளில் இருந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடுக்கவேண்டியது எல்லாம் தீர்ந்துபோச்சு என்று அவன் சொல்லி வைத்திருக்கிறான்.

"இதுக்கா கோர்ட்டுக்குப் போன? எங்கிட்ட வந்து கேட்டிருந்தா அன்னைக்கே அளந்து விட்டிருப்பனே அக்கா."

வக்கீல் சொன்ன வழிகளில் இது இல்லை. எனக்கும் தோன்றவில்லை. பொன்னாயி ஊட்டுக்கும் எங்கள் ஊட்டுக்கும் நடுவில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், அவ்வளவுதான். நான் மலையை விட்டே இறங்கித் திரிந்திருக்கிறேன்.

அவள் பழைய பாக்கியையும் சேர்த்து அளந்தாள். குதிரில் சாமை விழும் சத்தம் கேட்ட பிறகுதான் இருவரும் ஜெயிலுக்குப் போனோம். சடையன் எழவில்லை.

"இன்னும் மாசம் முடியலயே புள்ள. கட்டின காசு வீணாப் போகும்."

"கட்டினவளே வேண்டாங்கறா, எந்திரிடா," என்றார் வார்டர்.

பிறகு நான் வேறொருவரைக் கட்டிக்கொண்டேன். தாளின்படி சாமை அதோடு நிற்கவேண்டும். பொன்னாயி நிறுத்தவில்லை. அறுப்பு முடிந்ததும் சடையன் தலையில் ஒரு மூட்டை வரும், பின்னாலேயே அவளும் வருவாள். அவள் வந்தால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. பேசிக்கொண்டே இருப்போம். எங்கள் இரண்டு ஊட்டிலும் அரிசிச் சோற்றுக்குக் கோர்ட்டுச் சோறு என்றே பெயர் ஆகிவிட்டது. பண்டிகை வந்தால் குழந்தைகள், "இன்னிக்குக் கோர்ட்டுச் சோறா?" என்றுதான் கேட்கும்.

என் மகன் கல்யாணத்தில் சடையன் முதல் பந்தியில் உட்கார்ந்தான். இரண்டு முறை வாங்கினான். மூன்றாம் முறையும் இலையைக் காட்டினான்.

"காசு யாரு கட்டறது?" என்று பொன்னாயி எதிர் வரிசையிலிருந்து கேட்டாள்.

பந்தி முழுக்க என் பக்கம் திரும்பியது. சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் சடையன் இலையில் இன்னொரு கரண்டி போட்டேன்.