மஞ்சள் தடவிய விடைத்தாள்கள்

ஒரு வகுப்பில் இருந்த பத்தொன்பது பிள்ளைகளையும் ஒரே நாளில் வாசிக்கத் தெரியாதவர்களாக்கிய ஆசிரியை இந்த மாநிலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செய்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. (வெட்கம் அப்புறம் பைய வரும். வந்தால் லேசில் போகாது.)

அம்பாசமுத்திரத்திலிருந்து களக்காடு போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணமும் அப்போது எனக்கு உண்டு. தலைமையாசிரியை ஜாய்ஸ் டீச்சர் பாளையங்கோட்டைக்காரர். எதற்கும் முதலில் ஜெபம், பிறகுதான் வேலை.

மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்க, வருடா வருடம் மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஒரு தேர்வு நடக்கும். அதற்கு முந்தைய வருடம் வரைக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். வாசிக்கத் தெரியுமா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் வழி. ஆனால் மேலே யாருக்கோ ஆசிரியர்களின் காது மேல் நம்பிக்கை போய்விட்டது. இனி பிள்ளைகள் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், கைப்பேசி அதைப் படம் பிடித்து மதிப்பெண் போடும் என்று மாற்றினார்கள். மாற்றியதை அதோடு விட்டார்களா? முதல் சுற்றறிக்கை நீலப் பேனா என்றது. அடுத்தது கறுப்புப் பேனா என்றது. அதற்கடுத்தது பென்சிலே போதும் என்றது. நான் பத்தொன்பது பென்சில் வாங்கிச் சீவி வைத்த மறுநாள், பென்சில் கூடவே கூடாது என்று ஒன்று வந்தது. எட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி விளையாடுகிறவர்களைக் கூப்பிட்டு அந்தப் பாயில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம்.

பாய் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வில் வாசிப்புத் திறன் அடையாத பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் வகுப்பில் மற்றவர்களுக்கு பெஞ்சு, அவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு பாய். இசக்கியம்மாள் இரண்டு வருடமாக அந்தப் பாயில் இருந்தாள். அவளுடைய அம்மா கோமதி அக்கா பீடி சுற்றுகிறவர். நான் தினமும் பள்ளி விட்டபிறகு அவளோடு உட்கார்ந்து, திட்டி, கொஞ்சி, அழ வைத்து, நானும் அழுது, பொங்கல் கழிந்த சமயத்தில் ஒருநாள் அவள் திடீரென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அதன்பின் அவளை நிறுத்த முடியவில்லை. பஸ் பலகை, கடைப் பலகை, கடலை மடித்த தாள் எதையும் விடவில்லை. இந்தத் தேர்வில் தேறியதும் பெஞ்சுக்கு வந்துவிடலாம் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன். மகேஸ்வரி பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அவள் இடமும் பிடித்து வைத்துவிட்டாள்.

தேர்வுக்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேனா நிறத்தைப் பற்றிப் பக்கத்து டீச்சரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும். தாளின் நான்கு மூலையிலும் இருக்கும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துத்தான் கைப்பேசி தாளை அடையாளம் காணும், அதில் தூசுகூடப் படக்கூடாது என்று அந்த நேரத்தில்தான் மேடையில் சொல்லியிருக்கிறார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் என் வகுப்பின் விடைத்தாள் கட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பதிவு எண் அச்சடித்திருந்தது. உபரித் தாள் ஒன்றுகூட இல்லை. கட்டைப் பிரித்ததும் எனக்குத் திக்கென்றது. நான்கு மூலையிலும் கறுப்பு! எங்கள் வீட்டில் கருமாதிக் கடுதாசிக்குத்தான் மூலையில் கறுப்பு இருக்கும். நல்ல காரியத்துக்குப் போகிற எந்தக் காகிதமும் மூலையில் மஞ்சள் தடவாமல் வாசல் தாண்டாது. என் பரீட்சை நுழைவுச் சீட்டு, வேலைக்குப் போட்ட விண்ணப்பம் எல்லாம் மஞ்சளோடுதான் போயின. (வேலை கிடைத்தது. ஆகவே மஞ்சள்தான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுத்ததும் நான்தான்.) என் பிள்ளைகளுக்குச் சாவுக் கடுதாசியா அனுப்புகிறார்கள் என்று பொங்கிக்கொண்டு, சத்துணவு அக்காவிடம் மஞ்சள்பொடி வாங்கிக் கெட்டியாகக் குழைத்தேன். பத்தொன்பது தாள், எழுபத்தாறு மூலை. ஒரு புள்ளி கறுப்புகூட வெளியே தெரியாதபடி அப்பினேன். இசக்கியின் தாளுக்கு மட்டும் மேலே ஒரு பொட்டுக் குங்குமம் கூடுதல்.

மறுநாள் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். இசக்கி நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு வட்டத்தையும் கோலத்துக்கு வண்ணம் போடுகிற கவனத்தோடு நிரப்பினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன், எல்லாம் சரி. மதியம் ஜாய்ஸ் டீச்சர் தாள்களைப் படம் பிடிக்கக் கைப்பேசியை எடுத்தார். முதல் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏ செண்பகம், இது என்னது? தாளுக்கு மஞ்சநீராட்டா?"

"நல்லதுக்குத்தான் டீச்சர் வச்சேன்."

"மூலையக் காங்கலன்னு சொல்லுதே இந்தப் போன்! நானுந்தான் இந்தக் கட்டு மேல கைய வச்சு ஜெபம் பண்ணுனேன். எஞ்ஜெபம் எங்கயாவது ஒட்டிட்டு நிக்குதா, பாரு!"

ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சள் போகவில்லை, கறுப்புத்தான் போனது. இரண்டு தாளில் மூலையே கிழிந்து வந்துவிட்டது. உதவி எண்ணுக்குப் போட்டால், பொறுமைக்கு நன்றி என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. (என்னிடம் இல்லாத ஒன்றுக்கு அவ்வளவு நன்றி.) ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் யாரும் தேர்வே எழுதவில்லை என்று ஆகிவிடும். கடைசியில் நான் அளவுகோலும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்து எழுபத்தாறு கட்டத்தையும் கையால் வரைந்தேன். கிழிந்த மூலைக்கு வெள்ளைத்தாள் ஒட்டி வரைந்தேன். என்ன ஆச்சரியம், கைப்பேசி ஏற்றுக்கொண்டது! பத்தொன்பது தாளுக்கும் பச்சைக் குறி விழுந்தது. ஜாய்ஸ் டீச்சர் ஸ்தோத்திரம் சொன்னார். நான் அன்றைக்கு என்னைப் பெரிய பொறியாளர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. பத்தொன்பது பிள்ளைகளும் பூச்சியம். நான் வரைந்த கட்டங்கள் கொஞ்சம் தள்ளியிருந்ததால், கைப்பேசி பிள்ளைகள் நிரப்பிய வட்டங்களை விட்டுவிட்டு அடுத்த வரிசையைப் பார்த்திருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பு முதலிடம் மகேஸ்வரிகூட வாசிக்கத் தெரியாதவள்.

விசாரிக்க வட்டார அலுவலகத்திலிருந்து முத்தையா சார் வந்தார். நல்ல மனிதர்தான். கையில் ஓர் உத்தரவும் பெயர்ப்பட்டியலும். நான் தப்பு முழுக்க என்னுடையது, தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன், கண்ணால் பார்த்தால் போதும் என்று கெஞ்சினேன். அதற்குள் விஷயம் தெருவுக்குப் போய், கோமதி அக்கா பீடித்தட்டை இடுப்பில் இடுக்கியபடியே வந்துவிட்டார்.

"எம்புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னது யாரு?" என்று அவர் கேட்டதில் பக்கத்து வகுப்புகள் அமைதியாகின. "வீட்டுல ஒரு துண்டுத் தாள வச்சிக்கிட முடியல, எல்லாத்தையும் எடுத்து வாசிக்கா. இங்கன வச்சே கேளுங்க அண்ணாச்சி! ஏட்டி இசக்கி, வா இங்க!"

அவளுக்குக் கொடுக்கக் கையில் வேறு எதுவும் அகப்படவில்லை. கோமதி அக்கா முத்தையா சார் கையில் இருந்த காகிதத்தையே பிடுங்கிக் கொடுத்தார். இசக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "அடிப்படை வாசிப்புத் திறன் அடையாத மாணவர்களின் பட்டியல்." 'அடிப்படை'யில் மட்டும் ஒரு மூச்சு வாங்கினாள். பிறகு வரிசையாகப் பெயர்கள். நான்காவது பெயரில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தாள்.

"டீச்சர்! எம்பேர அச்சடிச்சிருக்காவ!"

ஜாய்ஸ் டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முத்தையா சார் நெற்றியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் வாசிக்கா," என்றார். "யாரு இல்லன்னா? ஆனா சிஸ்டத்துல ஏறிட்டுல்லா. ஏறுனது எறங்காது, நான் என்ன செய்யட்டும்?"

"அப்போ உங்க காது எதுக்கு சார் இருக்கு?" என்று நான் கேட்டேன். (அதற்கு விளக்கம் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் வந்தது.)

உத்தரவுப்படி பத்தொன்பது பேரையும் தனியாக உட்கார வைத்துப் படம் அனுப்ப வேண்டும். பாய் பற்றாமல் இன்னும் இரண்டு பாய் கடன் வாங்கி, மொத்த வகுப்பையும் ஜன்னலோரம் நெருக்கி உட்கார வைத்தோம். பின்னால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. இசக்கி மகேஸ்வரியை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "நான் பெஞ்சுக்குப் போவலன்னா என்ன டீச்சர், எல்லாரும் பாய்க்கு வந்துட்டாவல்லா?" என்றாள். சத்தியம் செய்தவள் நான். அந்தப் படத்தை எடுத்து அனுப்பியவளும் நான்தான்.

அடுத்த வருடம் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டு வேறு பெயரில் வேறு தேர்வு கொண்டுவந்தார்கள். பழைய முடிவுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பதிவை மட்டும் அழிக்கவில்லை. என் மஞ்சளுக்கு ஒருநாள் தண்டனை என்றால் நியாயம். நான்காம் வகுப்பு முழுக்க இசக்கியும் மற்றவர்களும் பாயில் உட்கார்ந்தார்களே, அதற்கு யார் பொறுப்பு? இசக்கியின் பதிவைத் திருத்தச் சொல்லி நானும் கோமதி அக்காவும் அவர் பெயரில் மூன்று மனு போட்டோம்.

இசக்கி இப்போது ஏழாம் வகுப்பு. அவர்கள் தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும், வங்கி நோட்டீஸோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கோமதி அக்கா வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "ஏ, அந்த வாசிக்கத் தெரியாதவளக் கூப்புடுங்க, வாசிக்கட்டும்!" தெருவே சிரிக்கும். என்னைக் கண்டால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். மகேஸ்வரி வீட்டில் புது சைக்கிள் வாங்கியபோது, செண்பகம் டீச்சர் கண்ணில் மஞ்சள் கிண்ணத்தைக் காட்டாதீங்க என்று என் காதுபடவே சொன்னார்கள்.

போன மாதம் எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது என்று ஆள் அனுப்பினார் கோமதி அக்கா. போனேன். தெருவில் பத்துப் பேர் பீடித்தட்டோடு கூடியிருந்தார்கள். இசக்கி நடுவில் நின்று உறையைக் கிழித்தாள். மேற்படி மாணவி வாசிக்கத் தெரியாதவர் என்ற பதிவில் திருத்தம் செய்ய வழிவகை இல்லை என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஓர் இடத்தில்கூடத் திக்காமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.